வால்பாறை ஏறிய எலி

அக்டோபர் 26, வியாழன்

இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்பே சொன்னேன். கார் ஒரு நாள் கொதிக்கும், அதுவும் சந்தை நாளாகப் பார்த்து, நாலு பேர் வேடிக்கை பார்க்கிற இடமாகப் பார்த்துக் கொதிக்கும் என்று எல்லாவற்றையும் புட்டுப் புட்டு வைத்தேன். "யாருகிட்டச் சொன்னீங்க?" என்று பூங்கொடி கேட்கிறாள். கட்டிய மனைவி கேட்கிற கேள்வியா இது? மனதுக்குள் சொன்னாலும் சொன்னதுதான்.

உரக்கடையில் ஜனவரியில் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. இன்று முதல் எழுதுகிறேன். நாளைக்கு எவனாவது இந்தச் சரித்திரத்தை மாற்றிச் சொல்லிவிடக் கூடாது. வெள்ளிங்கிரி என்றால் கோட்டூரில் தெரியாதவர் கிடையாது. தேங்காய் வியாபாரம். எட்டாம் வகுப்பு வரை படித்தேன். அதற்கு மேல் எனக்குச் சொல்லிக்கொடுக்க அந்தப் பள்ளிக்கூடத்தில் சரக்கு இல்லை.

நடந்தது இது. பொள்ளாச்சி மாட்டுச் சந்தை நெரிசலில் கார் ஆமை மாதிரி நகர்ந்துகொண்டிருந்தது. முதலில் சந்தன வாசம் வந்தது. கம்மென்று, கருவறைக்கு எதிரில் நிற்கிற மாதிரி.

"பாத்தியா புள்ள, நம்ம காருக்குள்ள சாமி வந்து உக்காந்திருக்குது" என்றேன்.

"சாமிக்கு ரொம்பப் புழுங்குது போலருக்குதுங்க. முன்னால பொகையப் பாருங்க."

பானெட்டுக்குள்ளிருந்து ஆவி பழனி மலை உயரத்துக்கு எழும்பியிருந்தது. ஒரு மாட்டு வியாபாரி ஜன்னல் பக்கம் குனிந்து, "ஏனுங்க, எனக்கு ஒரு டீ. சக்கரை கம்மியா" என்றார். சந்தையே சிரித்தது. மாடுகள்கூடத் திரும்பிப் பார்த்தன.

இறங்கிப் பானெட்டைத் திறந்தேன். என்ஜின் சூடானால் ரேடியேட்டரை ஒட்டி இருக்கிற கரண்ட் ஃபேன் தானாகச் சுற்றிச் சூட்டைத் தணிக்க வேண்டும். அது அசையாமல் நின்றது. நல்ல ரோட்டில் வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே போதும். நெரிசலிலும் மலையேற்றத்திலும்தான் ஃபேன் வேண்டும். ஹார்னுக்கும் நேற்று முன்தினத்திலிருந்து குரல் போய்விட்டது. சளி பிடித்த ஆட்டுக்குட்டி மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான்.

இத்தனைக்கும் திங்கட்கிழமை ஆயுத பூஜையை நான் செய்த மாதிரி இந்த ஜில்லாவில் எவனும் செய்திருக்க மாட்டான். மற்றவர்கள் ஸ்டியரிங்கில் ஒரு பொட்டு, சக்கரத்துக்கு அடியில் ஒரு எலுமிச்சம்பழம், முடிந்தது பூஜை. நான் பானெட்டுக்குள் இருக்கிற ஃபியூஸ் பெட்டியையே திறந்தேன். அதற்குள் தீப்பெட்டி மாதிரிக் கறுப்புக் கட்டைகள் இருக்கும். ரிலே என்று பெயர். கரண்டுக்குக் கதவு திறந்துவிடுகிற வாட்ச்மேன்கள். ஒவ்வொன்றாகப் பிடுங்கித் துடைத்து, பூங்கொடி கல்லில் உரைத்துக் கொடுத்த சந்தனத்தைத் தலையில் வைத்துத் திரும்பச் செருகினேன். ஃபேனுக்கும் ஹார்னுக்கும் உழைப்பு அதிகம். அதனால் அந்த இரண்டின் ரிலேக்களுக்கும் கால்களிலும், கால் இறங்குகிற குழிகளிலும் கெட்டியாக, பெரிய பொட்டு. அப்படிப் பூஜை செய்த வண்டிக்கே இந்த நிலைமை என்றால் மற்றவர்கள் வண்டி என்ன பாடு படும், யோசித்துப் பாருங்கள்.

நவம்பர் எட்டாம் தேதி இந்தக் கார் வால்பாறை ஏற வேண்டும். என் தங்கை ருக்குமணியின் மகள் கோகிலாவுக்கு ஒன்பதாம் மாதம் பிறக்கிறது. கட்டுச்சோறு கொண்டுபோய் அவள் மாமியார் வீட்டில் விருந்து வைத்து, முதல் பிரசவத்துக்குப் பிள்ளையைத் தாய்வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். அவளுக்கு அப்பா இல்லை. கல்யாணத்தன்று சபையிலேயே எழுந்து சொன்னேன், "மொதல் பிரசவத்துக்கு அம்மிணிய என்ற காருலதான் மலையெறக்கிக் கூட்டிட்டு வருவேன்" என்று. தாய்மாமன் வாய்ச்சொல். நாற்பது கொண்டை ஊசி வளைவு. நமக்கு அது ஒரு விஷயமா?

அக்டோபர் 27

காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். கரண்ட் என்பது தண்ணீர் மாதிரி. மேலிருந்து கீழேதான் ஓடும். பொள்ளாச்சிச் சந்தை ரோடு லேசான மேடு. கார் மூக்கைத் தூக்கி நின்றதால் கரண்ட் முழுக்கப் பின்பக்கம் ஓடிவிட்டது. ஃபேன் இருப்பது முன்பக்கம்.

இதைப் பூங்கொடியிடம் விளக்கினேன். "அப்ப வால்பாறைக்கு ரிவர்ஸ்லயே போயிரலாமுங்களா?" என்றாள். படிப்பு வாசனை இல்லாதவளிடம் விஞ்ஞானம் பேசியது என் தப்பு.

அக்டோபர் 28

ரேடியேட்டர் மூடியை மாற்றி, கூலண்ட் என்கிற பச்சைத் தண்ணீரை ஊற்றினேன். சரியாகிவிட்டது.

அதே நாள், சாயங்காலம்

சரியாகவில்லை.

அக்டோபர் 30

கோயமுத்தூர் உக்கடம் போய் ஒரு பழைய ஃபேன் மோட்டார் வாங்கி வந்தேன். கடைக்காரர் நான் காரிலிருந்து கழற்றிக் கொண்டுபோன மோட்டாரைப் பார்த்ததுமே எழுந்து நின்றுவிட்டார். "நீங்க மெக்கானிக்குங்களா?" என்றார். சிரித்தேன். பெரியவர்கள் அப்படித்தான்.

நானே மாட்டினேன். என்ஜினை ஓடவிட்டு, முள் சிவப்புக் கோட்டைத் தொடுகிற வரை காத்திருந்தேன். சந்தன வாசம் வந்தது. ஃபேன் சுற்றவில்லை.

பூங்கொடி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே, "பழசும் சுத்துல, புதுசும் சுத்துல. ரெண்டையும் எதிரெதிரா மாட்டுங்க. ஒண்ணையொண்ணு பாத்துக் கூச்சப்பட்டாச்சும் சுத்துதா பாப்போம்" என்றாள்.

ஒரு டாக்ஸி பேசிவிடலாம் என்றும் சொன்னாள். இன்று அவள் கையால் காபி குடிக்கவில்லை. நானே போட்டுக் குடித்தேன். நன்றாக இல்லை.

நவம்பர் 1

பொள்ளாச்சியில் இஸ்மாயில் என்று ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியன். தீபாவளிக்கு முந்தின கூட்டத்தில் பதினாலு வண்டி வரிசையில் நின்றது. என்னைப் பார்த்ததும் பதினாலையும் தள்ளி வைத்துவிட்டு ஓடி வந்தார். (மூன்று மணி நேரம் கழித்து என்றாலும் ஓடித்தான் வந்தார்.)

வண்டியைக் கொண்டுபோவதற்கு முன்னால் வெளியில் தெரிந்த சந்தனப் பொட்டையெல்லாம் ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். வேலைக்குப் போகிற வண்டி வேலைக்குப் போகிற கோலத்தில் இருக்க வேண்டும். உள்ளே இருப்பதை ஒன்றும் செய்யவில்லை. பூஜையைக் கலைக்கக் கூடாது.

இஸ்மாயில் முதலில் பேட்டரியிலிருந்து ரெண்டு ஒயரை நேராக ஃபேனுக்குக் கொடுத்தார். விர்ரென்று சுற்றியது.

"மோட்டார் தங்கமாட்டம் இருக்குதுங்க. எதுக்கு மாத்துனீங்க?"

"பழசும் தங்கந்தானுங்க. சோடியா இருக்கட்டும்னு."

"அப்ப கரண்ட் வர்ற வழியிலதான் எங்கியோ அடைப்பு." அடுத்த வண்டிக்காரரிடம் பேசிக்கொண்டே புது ரிலே ஒன்றைச் செருகிப் பார்த்தார். சுற்றவில்லை. நெற்றியைச் சொறிந்தார். "ரிலேயும் இல்ல. ஏனுங்க, இதுல யாராச்சும் கையக்கிய்ய வெச்சாங்களா? எதையாச்சும் கழட்டி மாட்டுனீங்களா?"

"சத்தியமா ஒருத்தரும் தொடலைங்க" என்றேன். பூஜைக்குக் கழற்றியது கை வைத்த கணக்கில் வராது.

"அப்ப ஒயர்தான் உள்ள எங்கியோ போயிருக்கும். ரெண்டு நாள் வண்டிய உட்டுட்டுப் போங்க. பிரிச்சுப் பாத்தாத்தான் தெரியும்."

வண்டியை விட்டுவிட்டு நான் கோட்டூரில் பஸ்ஸிலிருந்து இறங்கினால் ஊர் என்ன நினைக்கும்? தற்காலிகமாக ஏதாவது செய்யச் சொன்னேன். ஃபேனுக்கு நேர் ஒயர் இழுத்து, ஸ்டியரிங் பக்கத்தில் வீட்டு ட்யூப்லைட்டுக்குப் போடுகிற வெள்ளைச் சுவிட்ச் ஒன்றை வைத்துக் கொடுத்தார். போட்டால் ஓடும், அணைத்தால் நிற்கும்.

"வண்டிய நிறுத்துனா மறக்காம அணைச்சிருங்க. இல்லீன்னா பேட்டரி படுத்துக்கும்" என்று மூன்று தடவை சொன்னார். மறப்பவர்களிடம் சொல்ல வேண்டியது. என்னிடம் எதற்கு?

நவம்பர் 2

கோகிலா வால்பாறையிலிருந்து பேசினாள். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிக்கல் படித்த பிள்ளை. ஸ்குரூ டிரைவரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று சொல்லிக்கொடுத்ததே நான்தான். (ஒரு தடவை அவள் எனக்குச் சொல்லியிருக்கலாம். அது நினைவில்லை.)

"மாமா, காருல ஃபேன் ஓடலையாமா? அத்தை சொன்னாங்க."

உங்கள் அத்தைக்கு வாய் ஓயாது என்றேன்.

"அது கெடக்கட்டும். ஆயுத பூஜைக்குப் பொட்டெல்லாம் பலமா வெச்சீங்களா?"

"வெக்காம? தாய்மாமன் வண்டி கண்ணு அது."

"எங்கெங்க வெச்சீங்க?"

அந்த நேரம் பார்த்து டவர் கிடைக்காமல் போய்விட்டது. நானும் ஃபோனை அணைத்து வைத்தேன்.

அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவர்கள் வீட்டு டிவி ரிமோட்டுக்குப் பேட்டரி மூடியைத் திறந்து உள்ளே பொட்டு வைத்தேன் என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். அந்த ரிமோட் தானாகத்தான் கெட்டது.

நவம்பர் 4

ருக்குமணி வந்திருந்தாள். முகம் சரியில்லை. என்னம்மா என்றால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள்.

"சம்பந்தியம்மா ஃபோன் பண்ணியிருந்தாங்ண்ணா. 'மலை எறக்கத்துல வாயும் வயிறுமா இருக்கற புள்ளைய எதுக்கு அலைக்கழிக்கணும்? எங்க பெரிய மக கோயமுத்தூருலதான் இருக்கா. வாடகை ஜீப் வெச்சு நேரா அங்கயே அனுப்பிடறோம். பெரிய ஆஸ்பத்திரி பக்கம்'னு சொல்றாங்க. மரியாதையாத்தான் சொல்றாங்க. ஆனா மொதல் பிரசவத்துக்குக்கூட அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக நாதியில்லாத புள்ளையாண்ணா அது?"

"எவஞ் சொன்னான் நாதியில்லைன்னு? கட்டுச்சோத்துக்கு ஏறுறோம், புள்ளையோட எறங்குறோம்."

"நம்ம கார் நல்லா இருந்தா அனுப்பறேன்னு அரை மனசாச் சொல்லியிருக்காங்க. அவங்க கையக் காலப் புடிச்சு நாந்தான் கேட்டேன்" என்று சொல்லிக்கொண்டே காருக்குள் எட்டிப் பார்த்தாள். "இதென்னங்ண்ணா, காருக்குள்ள ட்யூப்லைட்டுச் சுவிட்சு?"

அப்போதுதான் எலி விஷயத்தைச் சொன்னேன். இந்த டைரியில் எழுத விட்டுப்போய்விட்டது. கொப்பரைக் களத்திலிருந்து ஒரு எலி வந்து ஒயரைக் கடித்துவிட்டது. சாதாரண எலி இல்லை. பெருச்சாளியும் இல்லை. இரண்டுக்கும் நடுவில், பூனைக் குட்டி கனம். நான் டார்ச் அடித்தபோது ஓடாமல் நின்று என்னை நேருக்கு நேர் பார்த்தது.

"நீங்க பாத்தீங்களாண்ணா?"

"பாத்தனாவா? ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் நின்னோம்."

ருக்குமணி முகம் தெளிந்தது. எலி கடித்தால் யாரையும் குற்றம் சொல்ல முடியாது, பாருங்கள். வண்டியும் நல்ல வண்டி, ஓட்டுகிறவனும் நல்லவன்.

நவம்பர் 6

எலி மறுபடி வந்தது. மீசை வெள்ளை. ருக்குமணியிடம் சொன்னேன், அவள் கோகிலாவிடம் சொன்னாள்.

நவம்பர் 7

ருக்குமணியும் பூங்கொடியும் விடிகாலையிலேயே புளிக்காய்ச்சல் கிண்டி வைத்துவிட்டார்கள். நாளைக்குப் புளிச்சோறு, தேங்காய்ச் சோறு, எலுமிச்சைச் சோறு, எள்ளுச் சோறு, தயிர்ச்சோறு. சோறு கொண்டுபோகிற தூக்குப்போசிகளைப் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்தாயிற்று. தேங்காய் நானே உரித்துக் கொடுத்தேன். ஒரு மூட்டை. (ஆறு.)

சொந்தக்காரர்கள் காலைப் பஸ்ஸில் முன்னால் போகிறார்கள். நாங்கள் மூன்று பேரும் சோறும் காரில்.

நவம்பர் 9, காலை

நேற்று எழுத நேரமில்லை. இன்று தெளிவாக எழுதுகிறேன். ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

ஆழியாறு செக்போஸ்ட் தாண்டியதும் சுவிட்சைப் போட்டேன். ஃபேன் ஓடியது. முள் நடுவில் நின்றது, நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. ஹார்ன்தான் இல்லை. வளைவுக்கு வளைவு ஹார்ன் அடிக்காமல் அந்த மலையில் ஏற முடியாது. நான் பூங்கொடியை இடது ஜன்னல் பக்கம் உட்காரவைத்தேன். ஒவ்வொரு வளைவிலும் தலையை வெளியே நீட்டி, "வண்டி வருதுங்கோ... பாத்து வாங்கோ..." என்று குரல் கொடுத்தாள். வளைவு ஏற ஏறக் குரல் ஏறியது. எதிரில் வந்த அரசு பஸ் டிரைவர் நிறுத்தி வழிவிட்டு, "அம்மா, மேல மூணு வண்டி வருது, சொல்லிருங்க" என்றார். அணை தெரிகிற வளைவில் வரையாடுகள் ரோட்டோரம் நின்று எங்களைப் பார்த்தன. எழுந்து நின்று பார்த்தன என்று எழுதலாம். ஆடு எப்போதும் நின்றுகொண்டுதான் இருக்கும் என்பதால் விட்டுவிடுகிறேன்.

சம்பந்தி வீடு தேயிலைக்காட்டு ஓரம், சரிவான வாசல். சம்பந்தி பொன்னுசாமி எஸ்டேட் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவார். வாசலிலேயே என்னைக் கட்டிக்கொண்டு, "வாங்க, வாங்க, வண்டி தொந்தரவு குடுக்காம வந்துதுங்களா?" என்றார். அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. நாற்பது வளைவையும் ஒரு கையால் திருப்பியது எப்படி என்று சொல்லத் தொடங்கினேன். சொல்லிக்கொண்டே உள்ளே போனேன். சொல்லிக்கொண்டே சாப்பிட்டேன்.

கோகிலாவுக்குப் பட்டுச்சேலை, இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல். மாடத்தில் வைத்த விளக்கு மாதிரி இருந்தாள். என்னைப் பார்த்ததும், "மாமா, கார்ச்சாவி எங்க?" என்றாள். பிள்ளைகளுக்கு விளையாட்டுத்தான்.

விருந்து முடிந்து, ராகு காலம் கழிந்து, சம்பந்தியம்மா அவள் நெற்றியில் திருநீறு பூசி வாசல்படியைத் தாண்ட வைத்தார்கள். பிரசவத்துக்கு என்று படி தாண்டிய பெண் குழந்தையோடுதான் திரும்பி உள்ளே போக வேண்டும். நடுவில் ஒரு தடவை, தண்ணீர் குடிக்கக்கூட, உள்ளே போகக் கூடாது. அவர்கள் வீட்டில் அது கட்டாயம்.

சாவியைத் திருகினேன். டிக் என்றது. மறுபடி திருகினேன். டிக்.

வெள்ளைச் சுவிட்ச் கீழே போட்டபடியே இருந்தது. நான் அணைத்துவிட்டுத்தான் இறங்கினேன். யாரோ போட்டிருக்க வேண்டும்.

ருக்குமணி முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. கோகிலா வாசலில் பையோடு நிற்கிறாள். முன்னால் கார் நகரவில்லை, பின்னால் வீட்டுக்குள் போகக் கூடாது. மாப்பிள்ளை சபரி ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து பலா மரத்தடியில் போட்டார். தேயிலைக்காட்டின் மேல் பனிமூட்டமாக மஞ்சு இறங்க ஆரம்பித்தது.

"ஒண்ணும் சங்கடப்படாதீங்க" என்றார்கள் சம்பந்தியம்மா. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "ஜீப்புக்குச் சொல்லிடறோம். கோயமுத்தூருக்கே போயிரட்டும். இருட்டுக்கு முன்னால காட்டத் தாண்டிடணும், யானை நடமாட்டம் வேற."

"அதெதுக்குங்க ஜீப்பு? சரிவுதானுங்க. ஒரு தள்ளு தள்ளுனாப் போதும்" என்றேன்.

பந்தியில் சாப்பிட்ட அத்தனை பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார்கள். வாசல் சரிவில் கார் உருண்டது, இருமியது, என்ஜின் பிடித்துக்கொண்டது. அப்போதே கிளம்பியிருக்கலாம். ஆனால் சம்பந்தி பொன்னுசாமி ஜன்னல் வழியாகக் குனிந்து சுவிட்சைப் பார்த்தார். ஒயரைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"தப்பா நெனைக்காதீங்க. இந்தத் தொங்கற ஒயர நம்பி ரெண்டு உசுர எப்பிடிங்க அனுப்பறது?"

அவர் சொன்னதில் ஒரு எழுத்துத் தப்பில்லை. தொங்கிய ஒயரைக் கையால் மறைத்துப் பார்த்தேன். சபரி ஃபோனை எடுத்து ஜீப் டிரைவர் நம்பரைத் தேடினார்.

"கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டுக் கோகிலா நாற்காலியிலிருந்து எழுந்தாள். ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பைய நடந்து வந்து, பானெட்டைத் திறக்கச் சொன்னாள். திறந்தேன். குனிய முடியாது அவளால். மூக்கை மட்டும் நீட்டினாள். மூச்சை இழுத்துப் பார்த்தாள்.

"மாமா."

"கண்ணு."

"சந்தன வாசம் வருது."

நான் பலா மரத்தைப் பார்த்தேன். பத்துப் பதினைந்து காய் இருக்கும்.

"இப்பிடி என்ற பக்கத்துல வந்து நில்லுங்க. மறைச்ச மாதிரி." நின்றேன். அவள் ஃபியூஸ் பெட்டியின் மூடியை எடுத்தாள். ஃபேன் ரிலேயைப் பிடுங்கினாள். குழிக்குள் சந்தனம் காய்ந்து, கல் மாதிரி இறுகி, மஞ்சளாகக் கிடந்தது. தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவி, ஒவ்வொரு குழியாகச் சுரண்டினாள். கை நிறைய வளையல் கலகலத்தது.

"எத்தனை பொட்டு?" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"ரெண்டே ரெண்டு. கொஞ்சம் பெருசு."

"ரெண்டாவது எது?"

"ஹாரன்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்கினால் வயிறு குலுங்குமே என்று எனக்குப் பயம். அந்தக் குழிகளையும் சுரண்டி, இரண்டு ரிலேக்களின் கால்களையும் துடைத்துத் திரும்பச் செருகினாள்.

"என்ன கண்ணு அங்க? எதுனாலயாம்?" என்று சம்பந்தியம்மா அங்கிருந்து கேட்டார்கள். ருக்குமணி பதறிப்போய், "எலிங்க... எலி கடிச்சிருச்சுன்னு அண்ணன் சொன்னாருங்க" என்றாள். சொல்லும்போதே அவள் குரல் இறங்கிவிட்டது. சம்பந்தி ஒரு புருவத்தைத் தூக்கினார்.

கோகிலா திரும்பினாள். முகத்தில் சிரிப்பின் சுவடுகூட இல்லை.

"ஆமாங்கத்தை, எலிதான். ஒயர் மேல தோலு அங்கங்க கொறிச்சு வெச்சிருக்குது. நல்ல பெரிய எலிங்க. வாலு முடிகூட இங்க ஒட்டிட்டிருக்குது பாருங்க" என்று இரண்டு விரலைச் சேர்த்துக் காற்றில் எதையோ தூக்கிக் காட்டிவிட்டு, தேயிலைச் செடி பக்கம் உதறினாள். "மீசை வெள்ளைன்னு மாமா சொன்னாரு. இந்த முடியும் வெள்ளையாத்தான் இருக்குது."

பந்திக்காரர்கள் நாலு பேர் "அடேங்கப்பா" என்றார்கள். ஒருவர் தன் டிராக்டர் ஒயரையும் எலி கடித்த கதையை ஆரம்பித்தார். சம்பந்தியின் புருவம் பழைய இடத்துக்கு வந்தது.

இஸ்மாயில் இழுத்த நேர் ஒயரைக் கழற்றிச் சுருட்டி என் கையில் கொடுத்தாள். "இப்பச் சூடாகட்டும். தானா ஓடணும். ஓடுனா நான் மாமா காருல போறேன். ஓடலீன்னா ஜீப்பு. சரிங்களா மாமா?" என்று தன் மாமனாரைக் கேட்டாள். அவர் தலையாட்டினார்.

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. முப்பது பேர் ஒரு காரின் திறந்த வாயைச் சுற்றி நின்றோம். மஞ்சு வந்து எங்கள் தோள் மேல் உட்கார்ந்தது. முள் ஏறியது. பாதி தாண்டியது. இன்னும் ஏறியது. ருக்குமணி கண்ணை மூடிக்கொண்டாள். பூங்கொடி என் சட்டை நுனியைப் பிடித்திருந்தாள், அவளுக்குத் தெரியாமலேயே. நான் எந்தச் சாமியையும் கூப்பிடவில்லை. இருக்கிற எல்லாச் சாமிக்கும் ஏற்கெனவே பொட்டு வைத்தாயிற்று.

டக் என்று பெட்டிக்குள் ஒரு சத்தம். அப்புறம் விர்ர்ர் என்று ஃபேன் சுற்றியது. தானாக. யாரும் தொடாமல்.

சூடான காற்று எல்லார் முகத்திலும் அடித்தது. அதில் சந்தன வாசம். சம்பந்தியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "நல்ல சகுனமுங்க" என்றார்கள்.

கோகிலா முன் சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் முதல் வேலையாகக் கையை நீட்டி ஹார்னை அழுத்தினாள். பத்து நாளுக்கு மேல் அடைபட்டுக் கிடந்த குரல். எஸ்டேட்டே திரும்பிப் பார்த்திருக்கும். பூங்கொடி பின்சீட்டிலிருந்து, "அப்பாடா, என்ற தொண்டைக்கு லீவு" என்றாள்.

நாற்பது வளைவும் இறங்கினோம். வளைவுக்கு வளைவு கோகிலாவே ஹார்ன் அடித்தாள். ஆழியாறு வந்தபோது ருக்குமணி தூங்கிவிட்டிருந்தாள், மகளின் தோளுக்குப் பின்னால் சீட்டில் தலை சாய்த்து.

நவம்பர் 10

பொள்ளாச்சி போய், எலி கடித்த விஷயத்தைச் சொல்லி, இஸ்மாயிலுக்கு நேர் ஒயரைத் திருப்பிக் கொடுத்தேன். "எலிதானுங்களா?" என்றார். "நம்ப மாட்டீங்க, மலை வரைக்கும் கூடவே வந்திருக்குது" என்றேன். "நெசமாத்தான் நம்ப மாட்டனுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குள் தலையை விட்டார்.

நவம்பர் 12, தீபாவளி

கோகிலா எங்கள் வீட்டுக்கு வந்து பலகாரம் சாப்பிட்டாள். அவளுக்கு என்று பூங்கொடி தனியாக உப்புக் குறைத்து முறுக்கு சுட்டிருந்தாள். டாக்டர் பார்த்துவிட்டு எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்றாராம்.

எலி கதை கோட்டூர் முழுக்கப் போய்விட்டது. டீக்கடையில் அது கீரி அளவுக்கு வளர்ந்துவிட்டது. வால்பாறையில் சம்பந்தி தன் ஸ்கூட்டர் பக்கத்தில் பாச்சா உருண்டை போட்டு வைத்திருக்கிறாராம். ருக்குமணி ஒரு எலிப்பொறியே வாங்கிக் கொடுத்துவிட்டாள். தினமும் தேங்காய்ச் சில்லு வைத்துக் காருக்கு அடியில் தள்ளி வைக்கிறேன். வைக்காவிட்டால் கேட்கிறாள்.

கிளம்பும்போது கோகிலா, "மாமா, அடுத்த ஆயுத பூஜைக்கு நான் குழந்தையத் தூக்கிட்டு வர்றேன். ஃபியூஸ் பெட்டிக்கு நாங்க பொட்டு வெக்கறோம். மூடிக்கு மேல" என்றாள். பிறகு வயிற்றைத் தடவிக்கொண்டு, "இந்த எலிக் கதைய இதுக்கும் சொல்லணும். நீங்க சொல்லுங்க. நடுவுல நான் எடுத்துக் குடுக்கறேன்" என்றாள்.

அவள் போன பிறகு பூங்கொடி பொறியை எடுத்துப் பார்த்தாள். "சில்லு அப்பிடியே கெடக்குதுங்க. உங்க எலி தேங்கா திங்காது போலருக்குது" என்று சொல்லி, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

இந்த டைரியில் எழுதியதெல்லாம் அச்சு அசலாக நடந்தது. ஆவியின் உயரம்கூட ஏறக்குறைய சரி. ஒன்றே ஒன்று மட்டும் இல்லை. அந்த எலியை நான்தான் உண்டாக்கினேன். வாலை ஒட்டியது கோகிலா.